பஸ்ஸுக்குப் படுதா தைத்தவள்

கித்தான் தைக்கிற மிஷினை விலைக்கு வாங்கிய ஒன்பதாம் நாள், அதில் வேலை சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆள் விமானம் ஏறிப் போய்விட்டான்.

ருக்மணிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு, சாப்பாட்டு டப்பாவும் கையுமாக, ஃபிஜித் தீவில் ரக்கிரக்கி ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு வந்தாள். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து டயர் கடைக்காரர் எழுந்து வந்து ஒரு சாவியை நீட்டினார்.

“பிஜேந்திரா குடுக்கச் சொன்னான். நேத்து பிளைட்டுல போயிட்டான். சிட்னி.”

“மூணு மாசம் இருந்து வேலை கத்துக்குடுக்கறேன்னு சொன்னாரே.”

“விசா வந்துடுச்சே,” என்றார் அவர், மழை வந்துவிட்டதே என்பது போல.

அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போன ருக்மணி, மிஷினுக்கு முன்னால் நின்று, யாருக்கும் கேட்காத குரலில், தன் வாழ்நாளில் அதுவரை சொல்லாத சில வார்த்தைகளைச் சொன்னாள். ஹிந்தியில் சொன்னாள். வைவதற்கு ஃபிஜி ஹிந்திதான் அவளுக்கு வசதி.

அது இரண்டாயிரமாவது வருஷம், ஆகஸ்ட் மாதம். மே மாதத்தில் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்து ஆட்களைப் பிடித்து வைத்தார்கள். தலைநகர் சூவாவில் இந்தியர் கடைகள் எரிந்தன. பிடித்து வைத்தவர்களை ஐம்பத்தாறு நாள் கழித்து விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஊரில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வந்துவிட்டது. டாக்டர் போனார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் போனார். தண்ணீர்ப் பம்ப் ரிப்பேர் செய்கிற ஒரே ஆளும் போனார். மிச்சம் இருந்தவர்கள் உடைந்த பம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ருக்மணிக்கு இது புதிதில்லை. எண்பத்தேழில் முதல் தடவை ஆட்சியைக் கவிழ்த்தபோது, அவள் தையல் கற்றுக்கொண்டிருந்தாள். டீச்சரம்மா சட்டைக்குக் காலர் வைப்பதுவரை சொல்லிக்கொடுத்துவிட்டு, கை வைப்பதைச் சொல்லிக்கொடுக்காமல் கனடாவுக்குப் போய்விட்டாள். ருக்மணி புருஷனுடைய நல்ல சட்டை ஒன்றை எடுத்து, கையை நூல் நூலாகப் பிரித்து, மறுபடி தைத்து, அதைக் கற்றுக்கொண்டாள். அந்தச் சட்டையின் ஒரு கை கடைசிவரை முறுக்கிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம் வீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூட யூனிபார்மும் ரவிக்கையும் தைத்தாள். கை நேர்த்தியான கை என்று ஊரில் பேர்.

புருஷன் அப்பு கரும்புக்காரன். அவன் அப்பா காலத்திலிருந்து பன்னிரண்டு ஏக்கர் குத்தகை நிலம். முந்தின வருஷக் கடைசியில் குத்தகை முடிந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களான ஃபிஜிக்காரர்களிடமிருந்து, புதுப்பிக்க மாட்டோம் என்று காயிதம் வந்தது. நிலம் மட்டும்தான் அவர்களுடையது, வீடு நம்முடையது என்று சொல்லி அப்பு வீட்டைப் பிரித்தான். பலகை, தகரம், கதவு, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினான். அந்தப் பலகையை விற்ற காசோடு தன் நான்கு வளையலையும் சேர்த்துத்தான் ருக்மணி பிஜேந்திராவின் கித்தான் கடையை வாங்கினாள்.

கித்தான் கடை என்றால், முக்கியமாக பஸ் படுதா. ரக்கிரக்கியிலிருந்து கிங்ஸ் ரோட்டில் ஓடுகிற பஸ்களுக்கு ஜன்னல் கண்ணாடி கிடையாது. பக்கம் திறந்தே இருக்கும். மேலே கித்தான் படுதாவைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். மழை வந்தால் வாரை அவிழ்த்து இறக்கிக் கீழே கொக்கியில் மாட்டுவார்கள். ஒரு பக்கத்துக்கு எட்டுத் துண்டு, இரண்டு பக்கத்துக்குப் பதினாறு. வெயிலும் மழையும் தின்று தீர்த்துவிடுவதால் வருஷா வருஷம் யாருக்காவது வேண்டியிருக்கும்.

பிஜேந்திரா அந்த ஒன்பது நாளில் எண்ணெய் போடக் காட்டினான். நூல் கோர்க்கக் காட்டினான். ஊசி உடைந்தால் எப்படி எடுப்பது என்று காட்டினான். துணியை வெட்டும் நேரம் வந்தால் மட்டும், “பஹினி, போய் ஒரு டீ வாங்கிட்டு வா,” என்று தங்கச்சி முறை வைத்து அனுப்புவான். டீயோடு திரும்பினால் துணி வெட்டிக் கிடக்கும், சாக்குக்கட்டிக் கோடு துடைத்திருக்கும். நாலாம் நாள்தான் ருக்மணிக்குப் புரிந்தது. ஐந்தாம் நாள் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தாள். அன்றைக்கு அவன் ஊசி வாங்கி வர அனுப்பினான்.

அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். வெட்டுவதை யாருக்கும் காட்ட மாட்டார்கள். கடையைக் காசு கொடுத்து வாங்கியவளுக்கும்கூட.

பஸ் கம்பெனி பல்ராம் அந்த மாதக் கடைசியில் கொட்டகைக்கு வந்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் செய்தித்தாள். அவரிடம் பன்னிரண்டு பஸ் இருந்தது.

“ஏம்மா ருக்மணி, ரவிக்கை தைக்கறவ நீ. இது ஆவுமா உனக்கு?”

“ஆவும் அண்ணே.”

“ஒரு பஸ்ஸுக்குத் தைச்சுக் குடு. மழைக்காலம் தொடங்கறதுக்குள்ள நல்லா இருக்குதுன்னா பாக்கி பதினொண்ணும் உனக்குத்தான். இல்லன்னா லௌட்டோக்கா டவுனுல வேற ஆளைக் கேட்டுக்கறேன். வருத்தப்படக் கூடாது.”

அன்று சாயங்காலம் அப்பு ஒரு காகிதக் கட்டை அவள் முன்னால் வைத்தான். நியூசிலாந்தில், ஆக்லந்தில் இருந்த அவளுடைய தம்பி சிவன் அனுப்பிய குடியேற்றப் படிவங்கள். அப்பு கையெழுத்துப் போட்டிருந்தான். அவள் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“இந்த ஒரு பஸ்ஸு பாஸாவட்டும்,” என்றாள் ருக்மணி. “ஆச்சுன்னா இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. ஆவலைன்னா நான் கையெழுத்துப் போடறேன்.”

“சத்தியமா?”

“நான் என்னா பிஜேந்திராவா?”

அப்பு ஒப்புக்கொண்டான்.

அவள் ஐந்து வாரம் தைத்தாள். ஓரம் ஓரமாக இரட்டைத் தையல். பிசிறு வெளியே தெரியாமல் உள்ளே மடித்து மடித்துத் தைத்தாள். ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேருகிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுக்க அகலமாக ஒரு பட்டி வைத்தாள், ரவிக்கைக்குக் கொக்கிப் பட்டி வைப்பது போல. பதினாறு துண்டும் ஒரே அச்சு. விரித்துப் போட்டால் எது எது என்று தெரியாது. பல்ராமே தடவிப் பார்த்துவிட்டு, “கலியாணப் பந்தலுக்குக் கட்டலாம் போல இருக்குதே,” என்றார்.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை தவுவாவில் ஒரு கல்யாணம். ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பஸ் பேசிப் போனார்கள். பல்ராம் அந்தப் புதுப் படுதா மாட்டிய பஸ்ஸையே அனுப்பினார். ஓட்டியவன் ஜோனே, முப்பது வயது, பக்கத்துக் கிராமத்து ஃபிஜிக்காரன், நம்மவர்களைவிட நன்றாக ஹிந்தி பேசுவான். ருக்மணியும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் மழை பிடித்தது. பெண்கள் எழுந்து படுதாக்களை இறக்கினார்கள். ருக்மணி உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். கொஞ்ச நேரம்தான்.

முதலில் வலது பக்கத்திலிருந்து ஒரு சத்தம், படார் என்று, கன்னத்தில் அறைவது போல. பிறகு இன்னொன்று. வலது பக்கத்தில் துண்டுகள் சேருகிற ஒவ்வொரு இடத்திலும் காற்று புகுந்து பட்டியைத் தூக்கித் தூக்கி அடித்தது. அந்த வழியாக மழை வாளி வாளியாக உள்ளே வந்தது. இடது பக்கம் சொட்டுக்கூட இல்லை.

“ஏய் ருக்மணி, இது படுதாவா சல்லடையாடி?”

“எம்புடவை மெட்ராஸ் பட்டுடி. எங்க நாத்தனார் அனுப்பினது.”

“இந்தப் பக்கம் வாங்கடி, அவ உக்காந்திருக்கிற பக்கம் மட்டும் நல்லாத் தைச்சு வெச்சிருக்கா.”

ஒருத்தி பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். ஜோனேவும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். கல்யாண வீட்டில் வலது பக்கத்துப் பெண்கள் சாயம் இறங்கிய புடவைகளோடு நின்றார்கள். பந்தியில் ருக்மணிக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

திங்கட்கிழமை பல்ராம் அதிகம் பேசவில்லை. “இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் என்னைக் கேக்காதே.”

அப்பு படிவத்தைப் பாத்திர அலமாரியின்மேல் அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தான். பக்கத்தில் ஒரு பேனாவும் வைத்தான். அந்தப் பேனாவைப் பார்த்தபோது வந்த கோபம், படுதா ஒழுகியபோதுகூட வரவில்லை.

அவள் போஸ்ட் ஆபீசுக்குப் போய் போன் கார்டு வாங்கி, சிட்னிக்குப் போன் போட்டாள். பிஜேந்திரா அங்கே கோழி வெட்டுகிற ஃபாக்டரியில் வேலை செய்கிறானாம். ஹிந்தியில் ரொம்ப நேரம் நலம் விசாரித்தான்.

“ஒரு பக்கம் ஒழுகாம இருக்குது, ஒரு பக்கம் ஒழுகுது,” என்றாள் ருக்மணி. “ரெண்டும் ஒரே மாதிரிதான் தைச்சேன். எதனாலன்னு மட்டும் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். “ஒரே மாதிரி தைச்சியா?” மறுபடியும் சிரித்தான். “பஹினி, இதெல்லாம் போன்ல சொல்ற விஷயமா? எங்கப்பாவே எனக்குச் சொல்லல. மூணு தடவை அறை வாங்கினதுக்கு அப்புறம் நானாத்தான் கத்துக்கிட்டேன்.”

“நான் மிஷினுக்கு மட்டும் காசு குடுக்கல, பிஜேந்திரா. உங்க மூணு மாசத்துக்கும் சேர்த்துத்தான் குடுத்தேன்.”

“கார்டு தீரப் போவுது பாரு. நீயும் பேப்பரைப் போட்டுட்டு இங்க வந்துடு. இங்க படுதாவே வாணாம். எல்லா பஸ்ஸுக்கும் கண்ணாடிதான்.”

அவள் போனை வைத்த வேகத்தில் கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

மறுநாளும் மழை. ருக்மணி ஒரு பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறினாள். வேண்டுமென்றே வலது பக்கம், ஜோனேவுக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தாள்.

“தீதி, அங்க உக்காராதே, நனைஞ்சு போவே,” என்றான் ஜோனே. அக்கா என்பதை அவன் ஹிந்தியில்தான் சொல்வான்.

“நனையத்தான் வந்தேன். ஓட்டு.”

பஸ் வேகம் எடுத்தது. அவள் முகத்தைத் துண்டுகள் சேருகிற இடத்துக்கு ஓர் அடி தள்ளி வைத்துக்கொண்டு பார்த்தாள். தண்ணீர் தையல் வழியாக வரவில்லை. துணி வழியாகவும் வரவில்லை. பட்டியின் அடியில் காற்று விரலை விட்டு நெம்புகிறது, பட்டி திறக்கிறது, தண்ணீர் வருகிறது. அது தெரிந்தது. ஏன் இடது பக்கம் நெம்பவில்லை என்பது தெரியவில்லை. எழுந்து இடது பக்கம் போனாள். மறுபடி வலது பக்கம் வந்தாள். கண்டக்டர் இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து டிக்கெட் கேட்காமல் போனான்.

ஜோனே கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் சொன்னான்: “தீதி, நீ தைக்கிற பிளவுஸ் எண்பதுல ஓடுமா?”

“என்ன சொல்றே?”

“பிளவுஸு போட்டவ நடந்து போவா. பஸ்ஸு எண்பதுல போவுது. மழை மேலேருந்து வரல, முன்னாலேருந்து வருது. எங்க கிராமத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.”

அவளுக்கு இருந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். “உங்க கிராமத்துப் பாடம் எனக்கு வாணாம். உங்க ஆளுங்கதான் எங்க கரும்பு நிலத்தை எடுத்துக்கிட்டு எங்களைத் தெருவுல விட்டீங்க.”

ஜோனே ரோட்டையே பார்த்து ஓட்டினான். இரண்டு ஸ்டாப் தாண்டியது. பிறகு திரும்பாமலே சொன்னான்.

“எடுத்ததுல எங்க வீட்டுக்கு ஒண்ணும் வரல, தீதி. அங்க இப்ப புல்லுதான் இருக்குது.”

“தெரியும். தினம் பார்த்துக்கிட்டுத்தான் போறேன்.”

பஸ் திரும்பி வந்து நின்றதும் அவள் இறங்கி, வெளியே மழையில் நின்று, முதலில் இடது பக்கத்தையும் பிறகு வலது பக்கத்தையும் பார்த்தாள். இடது பக்கத்தில், முன் துண்டு பின் துண்டின்மேல் ஏறிப் படுத்திருந்தது. காற்று வந்தால் அதை அழுத்தி மூடும். வலது பக்கத்தில் பின் துண்டு முன் துண்டின்மேல் ஏறியிருந்தது. காற்றுக்கு வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றது. பதிமூன்று வருஷமாக ரவிக்கை தைத்த கை, யோசிக்காமல், எல்லாத் துண்டுக்கும் ஒரே ஓரத்தில் பட்டி வைத்திருந்தது. ரவிக்கைக்கு ஒரு முன்பக்கம்தான். பஸ்ஸுக்கு இரண்டு பக்கம், ஒன்று மற்றதற்கு எதிர்.

நம் பஸ் ஸ்டாண்டில் ஐம்பது பஸ் நிற்கிறது. எல்லாவற்றிலும் படுதா தொங்குகிறது. ஒரு நாள் போய் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிஜேந்திரா சொல்லவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் அவன் பஸ் ஸ்டாண்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகவில்லையே. இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் பற்றிக்கொண்டது. எனக்குத் தெரியும் என்று உட்கார்ந்திருந்தாய் அல்லவா, உனக்கு வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள்.

எட்டுத் துண்டையும் பிரித்து, பட்டியை மறு ஓரத்துக்கு மாற்றி நான்கு நாளில் தைத்தாள். விரல் நுனி வெடித்தது. ஐந்தாம் நாள் மாட்டினார்கள். அன்றைக்கு மழை வந்தது. வலது பக்கமும் ஒழுகவில்லை. ருக்மணி வீட்டுக்கு வந்து அந்தப் பேனாவை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டாள்.

மறுநாள், கல்யாண மழைக்குப் பிறகு முதல் தடவையாக, நல்ல வெயில் அடித்தது. சாயங்காலம் ஜோனே கொட்டகை வாசலில் வந்து நின்றான். அவன் முகமே சரியில்லை.

“தீதி, படுதா கொக்கிக்கு எட்டல.”

“எட்டாம எப்பிடி இருக்கும்? அளந்துதானே தைச்சேன்.”

“வந்து பாரு.”

நனைந்து காய்ந்த கித்தான் சுருங்கிவிட்டது. பதினாறு துண்டும் இரண்டு அங்குலம் குட்டை. கீழே கொக்கியில் மாட்ட முடியாமல் பாவாடை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

ருக்மணி கத்தரிக்கோலை மேசைமேல் வீசினாள். “இன்னும் எத்தனை இருக்குது? இது ஒண்ணு, அது ஒண்ணுன்னு எத்தனை? ஒரே வாட்டியா சொல்லித் தொலைய ஒரு ஆள் இல்லையா இந்த ஊர்ல?”

“இருந்தவங்க எல்லாம் போயிட்டாங்க,” என்றான் ஜோனே. அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

அடுத்த மூன்று நாள் அவள் தைக்கவில்லை. கித்தானில் கெஜத்துக்குக் கெஜம் சதுரமாக மூன்று துண்டு வெட்டினாள். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, நீளவாக்கில் எவ்வளவு, அகலவாக்கில் எவ்வளவு என்று அளந்தாள். மறுபடி நனைத்தாள். மறுபடி காயவைத்தாள். முதல் தடவைதான் அதிகம் சுருங்குகிறது, இரண்டாம் தடவை கொஞ்சம், மூன்றாம் தடவை இல்லை. நீளத்தில்தான் அதிகம். இதை, தமிழ்ச் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் எழுத்தில் தகரச் சுவரில் எழுதிவைத்தாள். இனிமேல் துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் கத்தரிக்கோல் வைப்பது என்று முடிவு செய்தாள். பல்ராமின் பஸ்ஸுக்கு, ஏற்கெனவே நனைத்த துணியிலிருந்து நான்கு அங்குலப் பட்டை வெட்டி, ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஒட்டுப் போட்டாள். அழகாக இல்லை. ஒட்டு ஒட்டாகவே தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டாள்.

அப்பு அந்த நாட்களில் கொட்டகைப் பக்கமே வரவில்லை. கரும்பு மில்லில் சீசன் வேலைக்குப் போய்வந்தான்; ஷிப்ட் முடிந்ததும் டவுனில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். யாரோடு என்ன பேசுகிறான் என்று ருக்மணி கேட்கவில்லை. கேட்க நேரம் இல்லை.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது நல்ல காற்றும் மழையும் வந்தது. ருக்மணி நேராகப் பல்ராமின் ஆபீசுக்குப் போனாள்.

“அண்ணே, இன்னைக்கு நீங்களே வலது பக்கம் உக்காந்து பா டவுன் வரைக்கும் போயிட்டு வாங்க.”

“எனக்கு வேலை இருக்குதும்மா.”

“எனக்கும் இருக்குது.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மத்தியானம் பஸ் திரும்பி வந்தது. பல்ராம் வலது பக்கம் நாலாவது சீட்டிலிருந்து இறங்கினார். சட்டையில் ஒரு சொட்டு இல்லை. செய்தித்தாள் காய்ந்து மொடமொடப்பாக இருந்தது. வீடு விற்பனைக்கு, கடை விற்பனைக்கு, கார் விற்பனைக்கு என்று ஒரு பக்கம் முழுக்க விளம்பரம்.

“நல்லா இருக்குது,” என்றார். “பிஜேந்திரா தைச்சதைவிட நல்லா இருக்குதுன்னுகூட சொல்வேன்.”

“அப்ப பதினொரு பஸ்ஸு.”

பல்ராம் செய்தித்தாளை நாலாக மடித்தார். “மூணு தர்றேன்மா.”

“பதினொண்ணுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். ஆனா நீங்கதான் கிளம்பறீங்களே. அப்பு டீக்கடையில சொன்னான். ஜனவரியில ஆக்லந்து, சாமானுக்கு ஆள் பார்க்கறேன்னு சொன்னான். உன் மிஷினை வாங்கிக்கறியான்னு என்கிட்டயே கேட்டான். பாதியில நீ போயிட்டா நான் யார்கிட்ட ஓடறது? பிஜேந்திராகிட்ட ஏமாந்தது போதும்.”

படுதா சரியாக வந்து, வேலை கையில் வந்து, எல்லாம் முடிந்த இடத்தில் வீட்டிலிருந்தே ஒருவன் வந்து தட்டிவிட்டிருக்கிறான். அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு.

“அவர் போறாரான்னு அவரைக் கேளுங்க,” என்றாள். “நான் போறேன்னு என் வாயால சொன்னேனா?”

“எல்லாரும் அப்பிடித்தாம்மா சொல்றாங்க. கோபப்படாதே.”

“ஏன் படக் கூடாது? ரெண்டு மாசமா மழையில நனைஞ்சு கத்துக்கிட்டிருக்கேன் அண்ணே. போறவ எதுக்கு இதைக் கத்துக்கப் போறா? அந்த ஊர்ல எல்லா பஸ்ஸுக்கும் கண்ணாடியாம். அங்க போயி இந்தக் கித்தானை நான் என்னா, போர்த்திக்கிட்டுப் படுத்துக்கறதா?”

டிப்போவில் இருந்த டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பல்ராமுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

“சரி, என்னா செய்யலாம்னு நீயே சொல்லு.”

“மூணும் வாணாம், பதினொண்ணும் வாணாம். ஒரு பஸ்ஸு குடுங்க. முடிச்சதும் அடுத்தது குடுங்க. நான் ஓடிப்போனா உங்களுக்கு ஒரு பஸ்ஸுதான் நஷ்டம். லௌட்டோக்காவுக்கு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க.”

அவர் யோசித்தார். “ரெண்டாவது பஸ்ஸு நாளைக்கு ரெண்டு மணிக்கு வரும்,” என்றார். “முதல்ல தப்பா தைச்சு அப்புறம் சரிபண்றதெல்லாம் இதுல கூடாது.”

“அதுல செஞ்ச தப்பு இதுல வராது,” என்றாள் ருக்மணி. “புதுத் தப்பு ஏதாவது வரலாம்.”

மறுநாள் காலை அப்பு தானாகவே கொட்டகைக்கு வந்தான். டிப்போவில் நடந்தது டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வாசலில் நின்று தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் புதுக் கித்தான் உருட்டைப் பீப்பாய்த் தண்ணீரில் அமிழ்த்திக்கொண்டிருந்தாள்.

“நாம போறோம்னு யார் சொன்னது?” என்று கேட்டாள், நிமிராமல்.

“பேச்சுக்குச் சொன்னேன்.”

“மிஷினை விக்கறேன்னு சொன்னதும் பேச்சுக்கா?”

அப்புவுக்கும் கோபம் வந்தது. அவனுக்குக் கோபம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“முப்பது வருஷம் கரும்பு போட்டேன் ருக்மணி. எந்த மண்ணுல எத்தனை நாள் தண்ணி நிக்கும்னு காலை வெச்சா சொல்லிடுவேன். என்னா ஆச்சு? ஒரு காயிதம் அனுப்பினாங்க, போடான்னுட்டாங்க. நான் கத்துக்கிட்டதெல்லாம் யாருக்கு ஆச்சு? நீ கத்துக்க. நல்லாக் கத்துக்க. நாளைக்கு உன் கையிலயும் ஒரு காயிதம் குடுப்பாங்க.”

“குடுக்கட்டும். குடுக்கறப்ப போறேன். அதுக்கு முன்னால எதுக்கு நானே போவணும்?” அவள் நிமிர்ந்தாள். கை முழங்கைவரை நனைந்திருந்தது. “எண்பத்தேழுல காலரோட விட்டுட்டுப் போனா அவ. இப்ப எண்ணெய் போடறதோட விட்டுட்டுப் போனான் இவன். எனக்கு ஒரு வேலையாவது முழுசாத் தெரியணும். உங்களுக்குப் போவணும்னா சிவனுக்குப் போன் போடுங்க. என் பேரை அடிச்சுட்டு அனுப்பச் சொல்லுங்க. நீங்க போங்க.”

“தனியா நான் அங்க போயி என்னா பண்ண?”

“அதை எங்கிட்ட கேக்காதீங்க. மிஷின் விக்கறப்ப என்னைக் கேட்டீங்களா?”

அப்பு வாசலை விட்டு நகரவில்லை. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ருக்மணி உருட்டின் ஒரு முனையைப் பீப்பாயிலிருந்து இழுத்தாள். நனைந்த கித்தான் பிணம் கனம் கனத்தது. கொட்டகைக்கு வெளியே கட்டியிருந்த கம்பியில் அதை விரித்துப் போட வேண்டும். போன வாரம் சிறு துண்டுகள், ஒருத்தியே செய்துவிட்டாள். இது இருபது கெஜம். இரண்டு தடவை இழுத்தாள், இரண்டு தடவையும் நழுவிச் சேற்றில் விழப் பார்த்தது.

“நிக்கறதுன்னா அந்த மூலையைப் பிடிங்க,” என்றாள். “இல்லன்னா வழியை விடுங்க. ரெண்டு மணிக்கு பஸ்ஸு வருது.”

அவன் தொப்பியை மிஷின்மேல் வைத்துவிட்டு வந்து மூலையைப் பிடித்தான்.

“இழுங்க. மடிப்பு விழக் கூடாது. இன்னும்.”

இரண்டு பேரும் கம்பியின் இரண்டு முனைக்குப் பின்னோக்கி நடந்தார்கள். நடுவில் கித்தான் தண்ணீர் சொட்டிக்கொண்டு விரிந்தது. வேறு யாராவது பார்த்தால் சண்டை போட்டுக்கொண்டு பிடுங்குகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அதுவும் பொய்யில்லை.

“இது எவ்வளவு சுருங்கும்?” என்று கேட்டான் அப்பு. இத்தனை நாளில் அந்த வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி.

அவளுக்கு அவன்மேல் இருந்த கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

“இது வேற கம்பெனி உருட்டு. பழசு மாதிரி சுருங்குமான்னு எனக்குத் தெரியாது,” என்றாள். இடுப்பில் செருகியிருந்த டேப்பை எடுத்து அவன் பக்கம் வீசினாள். அது அவன் மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. “காயறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி அளந்துவைங்க. நீளம் தனியா, அகலம் தனியா.”

அப்பு குனிந்து டேப்பை எடுத்தான்.